கடலுக்கடியில் கம்பியைப் பேச வைத்த கெல்வின் பிரபு

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



தெர்மல் இன்ஜினியரிங் கணக்கில் வெப்பநிலை வந்துவிட்டால் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். 273-ஐக் கூட்டி, பக்கத்தில் கெல்வின் என்று போடுவோம். போடாமல் விட்டால் மார்க் போச்சு. அந்தக் கெல்வின் நம்மைப் போல் லேபில் நின்று வேலை பார்த்த ஒரு மனிதர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வெப்பவியலில் உலகப் புகழ் பெற்ற அந்தப் பேராசிரியருக்கு சர் பட்டம் கிடைத்தது வெப்பத்துக்காக அல்ல. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் கிடந்த ஒரு கம்பிக்காக!

அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஆண்டு எங்கள் பிரிவில் ஒரு குழு, தண்ணீருக்குள் இயங்கும் சின்ன ரோபோவைப் புராஜெக்டாக எடுத்தது. நானும் அதில் ஒருவன். மோட்டார், கேமரா, கன்ட்ரோல் போர்டு எல்லாம் ரிச்சி தெருவில் கிடைத்துவிட்டன. புரோகிராமும் ஓடியது. எங்கள் நேரத்தை எல்லாம் தின்றது ஒரே ஓர் இடம்தான். கம்பி பெட்டிக்குள் நுழைகிறதே, அந்தச் சின்ன ஓட்டை! அந்த வழியாக மின்சாரமும் டேட்டாவும் போகவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. அதைப் பற்றிப் படிக்கப் போன இடமெல்லாம் கடைசியில் கெல்வின் பிரபுவின் வாசலில்தான் கொண்டுபோய் விட்டது.

தண்ணீருக்குள் எதற்குக் கம்பி?

வானத்தில் பறக்கும் டிரோனுக்குக் கம்பி வேண்டாம். ரோபோ தண்ணீருக்குள் போனால் மட்டும் ஏன் வால் மாதிரி ஒரு கேபிள்? காரணம் எளிது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ரேடியோ அலையை அது உறிஞ்சிவிடும். வை-ஃபை சிக்னல் கடலில் ஒரு முழம் போவதற்குள் செத்துவிடும். ஒலி வெகுதூரம் போகும். ஆனால் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகம்தான், அதில் அனுப்பக்கூடிய டேட்டாவும் கொஞ்சம்தான். தெளிவான வீடியோ உடனுக்குடன் வேண்டுமென்றால் கேபிளை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

இங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப்-6000 என்ற ரோபோ 2010-ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் அரை டன்னுக்கு மேல் எடை அழுத்தும். கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு எருமை மாடு நிற்பதாக நினைத்துக் கொள்ளுங்கள்! அந்த அழுத்தத்திலும் கேபிளின் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீரை உள்ளே விடாமல் நிற்க வேண்டும். இந்தப் போராட்டம் இன்று நேற்று தொடங்கியதல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பத்து வயதில் பல்கலைக்கழகம்

வில்லியம் தாம்சன் 1824-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். கெல்வின் என்பது பிற்காலத்தில் வந்த பட்டப்பெயர். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணித ஆசிரியர். ஆறு வயதில் தாயை இழந்த வில்லியமைத் தந்தையே உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். 1832-இல் தந்தைக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. குடும்பம் அங்கே போனது. 1834-இல், பத்தே வயதில், வில்லியம் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். நாம் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வயது!

பதினைந்து வயதில் ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் கையில் கிடைத்தது. இரண்டே வாரத்தில் படித்து முடித்தார். ஒரு இரும்புக் கம்பியின் முனையைச் சூடாக்கினால் அந்தச் சூடு கம்பி வழியாக எப்படிப் பரவும் என்று கணக்குப் போடும் புத்தகம் அது. பின்னாளில் அதே கணக்குத்தான் கடல் கேபிளுக்கும் உதவப்போகிறது என்பது அன்று அவருக்கே தெரிந்திருக்காது. படித்த படிப்பு எங்கே, எப்போது கைகொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது நண்பர்களே!

பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே படகுப் போட்டியிலும் பரிசு வாங்கினார். 1845-இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டே, 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்த நாற்காலியில் 53 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். 1848-இல் அவர் வகுத்ததுதான் நாம் கணக்கில் எழுதும் தனி வெப்பநிலை அளவுகோல்.

நிலவறையில் ஒரு லேப்

அந்தக் காலத்தில் பேராசிரியர் மேடையில் சோதனை செய்து காட்டுவார். மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். தாம்சன் அதை மாற்றினார். கல்லூரிக் கட்டடத்தில் பயன்படாமல் கிடந்த பழைய மது நிலவறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை லேப் ஆக்கினார். மாணவர்கள் கையிலேயே கருவிகளைக் கொடுத்து அளக்கச் சொன்னார். பிரிட்டனில் மாணவர்கள் தாங்களே செய்து பார்த்துக் கற்ற இயற்பியல் லேப்களில் அது முன்னோடி என்று சொல்லப்படுகிறது.

கேபிளுக்கு வாங்கும் தாமிரக் கம்பிகளை அந்த லேபில் அளந்து பார்த்தபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே தாமிரம்தான். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஒவ்வொன்றிலும் பெரிதும் வேறுபட்டது. சில மாதிரிகள் மற்றவற்றைப் போல் பாதியளவுதான் கடத்தின. தாமிரத்தில் கலந்திருந்த சிறிதளவு கலப்படமே காரணம். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் அளந்து பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் அன்றே பிடிவாதம் பிடித்தார். அவர் யோசனையின் பேரில்தான் 1861-இல் மின்தடைக்கு ஒரு நிலையான அலகை வகுக்க ஒரு குழு அமைந்தது. நாம் லேபில் ஓம், ஓம் என்று சொல்கிறோமே, அதற்கும் அவருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

காப்புக்குக் கிடைத்த மரப்பால்

கம்பியைத் தண்ணீருக்குள் போடும் ஆசை அவருக்கு முன்பே பலருக்கு இருந்தது. நம் நாட்டிலேயே 1839-இல் ஓஷானசி என்ற டாக்டர், கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் கம்பி போட்டுச் செய்தி அனுப்பிக் காட்டினார். கம்பியின் மேல் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, தார் தோய்த்த நூலைச் சுற்றினார். ஆற்றுக்கு அது போதும். சமுத்திரத்துக்குப் போதாது.

வழி காட்டியது மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால். அதன் பெயர் கட்டாபெர்ச்சா. ரப்பருக்குச் சொந்தக்காரன் மாதிரிதான். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், குளிர்ந்தால் இறுகும். மின்சாரத்தைக் கடத்தாது. வெயிலிலும் காற்றிலும் வைத்தால் காய்ந்து வெடித்துப் போகும். ஆனால் குளிர்ந்த கடலடியில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். 1843-இல் சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. பாலிதீன் வரும்வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உலகத்தின் கடல் கேபிள்களை எல்லாம் காத்தது அந்தப் பால்தான்.

தூரம் கூடினால் என்ன ஆகும்?

1854-இல் தாம்சன் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கேபிள் நீளமாகிக்கொண்டே போனால் சிக்னல் என்ன ஆகும்? உள்ளே தாமிரம், நடுவில் காப்பு, வெளியே உப்புத்தண்ணீர். கொஞ்சம் யோசியுங்கள், இது நாம் படித்த கப்பாசிட்டர்தானே! இந்த முனையில் சாவியைத் தட்டினால் முதலில் அந்த நீண்ட கப்பாசிட்டர் நிறைய வேண்டும். நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, கப்பாசிட்டன்ஸும் இரண்டு மடங்கு. ஆகவே தாமதம் நான்கு மடங்கு. நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்கு! இதுதான் அவர் கண்ட இருமடி விதி. கம்பியில் சூடு பரவும் ஃபூரியே கணக்கை அப்படியே மின்சாரத்துக்குப் போட்டுக் கண்டது.

இதற்குத் தீர்வும் அவரே சொன்னார். தாமிரத்தைத் தடிமனாக்கு, காப்பைத் தடிமனாக்கு, சிறிய மின்னழுத்தத்தை அனுப்பு, அந்தப் பக்கம் நுட்பமான கருவியால் படி. ஆனால் 1856-இல் தொடங்கிய அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின் பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அவர் தொழிலால் மருத்துவர். தந்தியில் ஆர்வம் கொண்டு வந்தவர். இருமடி விதி நடைமுறைக்கு ஒத்து வராது, உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் செய்தி தானாகப் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. கம்பெனியும் அவர் பக்கமே சாய்ந்தது. கேபிளுக்கு ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு தாமிரமும் 261 பவுண்டு கட்டாபெர்ச்சாவும் போதும் என்று முடிவானது.

இரண்டு கம்பெனி, இரண்டு முறுக்கு

இதற்கு நடுவில் நடந்த ஒரு கூத்தை மெக்கானிக்கல் நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டும். கேபிளில் பாதியை கிரீனிச்சில் ஒரு தொழிற்சாலையும், மறுபாதியை பர்க்கன்ஹெட்டில் இன்னொரு தொழிற்சாலையும் செய்தன. மேலே சுற்றும் இரும்புக் கம்பிகளை ஒருவர் வலப்பக்கமாக முறுக்கினார், மற்றவர் இடப்பக்கமாக முறுக்கிவிட்டார்! இரண்டையும் நேராக இணைத்தால் இழுவிசையில் ஒன்றின் முறுக்கை மற்றது அவிழ்த்துவிடும். நடுக்கடலில் இணைக்கும் இடத்துக்கென்று தனியாக ஒரு மரச்சட்டம் செய்து பிடிக்க வைக்க வேண்டியதாயிற்று. டிராயிங்கில் ஒரு குறிப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? இன்றும் ஒரு கம்பெனி பிளக்கும் இன்னொரு கம்பெனி சாக்கெட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் நாம் படும் பாட்டுக்கு இது பாட்டன்!

தயாரான கேபிளில் ஒரு பகுதி தொழிற்சாலை வாசலில் வெயிலில் கிடந்தது. உள்ளே கட்டாபெர்ச்சா இளகி, தாமிரம் நடுவிலிருந்து நகர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெல்லிசு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

2,000 வோல்ட்டும் ஒரு சிறு கண்ணாடியும்

1857 ஆகஸ்டில் முதல் முயற்சி. சுமார் 330 கடல் மைல் இறக்கியதும் கேபிள் அறுந்தது. ஒயிட்ஹவுஸ் உடல்நிலையைக் காரணம் காட்டிக் கப்பலில் ஏறவில்லை. அவர் இடத்தில் சம்பளம் வாங்காமல் போனவர் தாம்சன். 1858 ஜூனில் மறுபடி முயற்சி. புயலில் கப்பல் கவிழப் பார்த்தது. கேபிள் மீண்டும் மீண்டும் அறுந்தது. ஜூலை கடைசியில் இன்னொரு முறை புறப்பட்டார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி கேபிளின் இரு முனைகளும் இரண்டு கண்டங்களையும் தொட்டன. உலகமே கொண்டாடியது.

தாம்சன் இதற்காகச் செய்து வைத்திருந்தது ஆடி கால்வனாமீட்டர். பொட்டு அளவு கண்ணாடி. அதன் முதுகில் ஒட்டிய சின்னக் காந்தம். தொங்கவிட ஒரு பட்டு இழை. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிரே உள்ள அளவுகோலில் புள்ளியாக விழும். துளி மின்சாரம் வந்தாலும் அந்தப் புள்ளி இடமோ வலமோ நகரும். அதைப் பார்த்து எழுத்துகளைப் படிக்கலாம்.

ஆனால் ஒயிட்ஹவுஸ் தன் பெரிய தூண்டு சுருள்களை இணைத்து, சுமார் 2,000 வோல்ட்டைக் கேபிளுக்குள் செலுத்தினார். ஏற்கெனவே மெலிந்திருந்த காப்பு அதைத் தாங்குமா? விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. மூன்று வாரத்தில் குரல் தேய்ந்து, செப்டம்பர் தொடக்கத்திலேயே கேபிள் பயனற்றுப் போனது.

சாவதற்கு முன் அது செய்த ஒரு வேலையில் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1857 எழுச்சியை அடக்க இந்தியாவுக்குக் கப்பலேற இருந்த இரண்டு ராணுவப் பிரிவுகள் கனடாவில் காத்திருந்தன. இனித் தேவையில்லை, அங்கேயே இருங்கள் என்று லண்டன் அனுப்பிய செய்தி இந்தக் கேபிள் வழியாகத்தான் போனது. அந்த ஒரு செய்தியால் பிரிட்டிஷ் அரசுக்குச் சுமார் 50,000 பவுண்டு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். கடல் கம்பியால் என்ன பயன் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அது ஏன் செத்தது என்பதுதான் கேள்வி. அரசும் கம்பெனியும் சேர்ந்து குழு அமைத்து விசாரித்தன. 1861-இல் வந்த அறிக்கை, சரியாகச் செய்து, சரியாகச் சோதித்துப் போட்டால் கடல் கேபிள் நிலைக்கும் என்று சொன்னது. தாம்சன் சொன்னதும் அதுதான். 1860 டிசம்பரில் பனியில் விளையாடும்போது அவர் தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அந்தக் காலோடுதான் அடுத்த கடல் பயணங்களும்!

மூன்று மைல் ஆழத்தில் ஒரு தேடல்

1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பல் புதுக் கேபிளோடு கிளம்பியது. இந்த முறை கடல் மைலுக்கு 300 பவுண்டு தாமிரம், 400 பவுண்டு கட்டாபெர்ச்சா. தாம்சன் கேட்டபடி தடிமன். வழியில் இருமுறை சோதனைக் கருவி பழுது காட்டியது. கேபிளைத் திரும்ப இழுத்துப் பார்த்தால், சின்ன இரும்புத் துண்டு ஒன்று காப்பைக் குத்தித் துளைத்து நின்றது. யாரோ சதி செய்கிறார்கள் என்று கப்பலில் ஒருவரை ஒருவர் சந்தேகித்தார்கள். கேபிளின் மேலுறையில் இருந்த இரும்புக் கம்பியே ஒடிந்து, கேபிள் தொட்டியில் பளு அழுத்தும்போது குத்தியிருக்கிறது என்பது பிறகு புரிந்தது. மூன்றாவது பழுதைச் சரிசெய்ய இழுக்கும்போது, ஆகஸ்ட் 2-ஆம் தேதி, சுமார் 1,200 மைல் போட்ட பிறகு, கேபிள் அறுந்து கடலில் விழுந்தது. கொக்கி போட்டுத் தேடினார்கள். கிடைத்தது, தூக்கும்போது கொக்கிக் கயிறு அறுந்தது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1866-இல் மறுபடி அதே கப்பல். மறுபடி தாம்சன். கேபிளை இறக்கும் நேரம் முழுவதும் காப்பை இடைவிடாமல் சோதித்துக்கொண்டே போகும் ஏற்பாட்டை வில்லோபி ஸ்மித் என்பவர் செய்திருந்தார். ஜூலை 27-ஆம் தேதி கேபிள் நியூஃபவுண்ட்லாந்து கரையேறியது. அதோடு நிற்கவில்லை. கப்பல் நடுக்கடலுக்குத் திரும்பி, முந்திய ஆண்டு தொலைந்த கேபிளைத் தேடியது. பலமுறை தவறவிட்டு, செப்டம்பர் 2-ஆம் தேதி மேலே எடுத்தார்கள். முனையைச் சீவிக் கருவியில் இணைத்தார்கள். அயர்லாந்து கரையில் ஓராண்டுக்கு மேலாக ஆள் மாற்றி ஆள் அந்த வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று அந்தப் புள்ளி அசைந்தது! ஓராண்டு கடலடியில் கிடந்தும் காப்பு கெடவில்லை.

அதன்பின் நடந்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கேபிள்களையும் அமெரிக்கக் கரையில் ஒன்றாக இணைத்தார்கள். அயர்லாந்தில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர், தையல்காரர்கள் ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற சின்ன வெள்ளிக் குப்பியில் கொஞ்சம் அமிலம் விட்டு, ஒரு துண்டு துத்தநாகத்தை வைத்து, அதையே பேட்டரி ஆக்கினார். அந்தத் துளி மின்சாரம் கடலைக் கடந்து போய்த் திரும்பி வந்து கண்ணாடியை அசைத்தது. 2,000 வோல்ட்டால் முடியாததை ஒரு விரல் குப்பி செய்தது. நல்ல இணைப்பும் நல்ல காப்பும் இருந்தால் வலுக்கட்டாயம் தேவையில்லை. அந்த ஆண்டே தாம்சன் சர் வில்லியம் ஆனார்.

சென்னைக்கு வந்த கம்பி

அதே கிரேட் ஈஸ்டர்ன் 1870-இல் பம்பாய்க்கு வந்து ஏடனுக்குக் கேபிள் போட்டது. அடுத்து சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரு கேபிள் போடப்பட்டு, 1871 தொடக்கத்துக்குள் வேலை முடிந்தது. கட்டாபெர்ச்சா பிறந்த மண்ணுக்கே கட்டாபெர்ச்சா கேபிள் போய்ச் சேர்ந்தது! 2002-இல் அதே சென்னை-சிங்கப்பூர் வழியில் கண்ணாடி இழை கேபிள் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அது கடலுக்குள் இறங்குவது சாந்தோமில். கபாலி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். கடற்கரையில் சுண்டல் சாப்பிடும்போது காலுக்குக் கீழே ஒரு தீவுக் கூட்டமே பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கடலை விட்டுத் தெருவுக்கு வந்தாலும் இதே கதைதான். என் பெரியப்பா டெலிபோன் கேபிள் ஜாயின்டராக இருந்தவர். 1990-களில் மழை பெய்தால் தி.நகர், மாம்பலம் தெருக்களில் தண்ணீர் நிற்கும். வீடு வீடாக போன் செத்துப்போகும். ஈய உறைக்குள் காகிதக் காப்பு போட்ட பழைய கேபிள்கள் அவை. ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தால் காகிதம் வழியே ஊறிக்கொண்டே போகும். குழியைத் தோண்டி, தார்ப்பாயைக் கட்டி, நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஒவ்வொன்றாக உலர்த்தி இணைப்பார். கை வியர்த்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஜோடியைத் தொடுவார். பிறகு வந்த ஜெல்லி நிரப்பிய கேபிள்கள் அந்த ஊறலைத் தடுத்தன. கட்டாபெர்ச்சா இணைப்புப் போட்டவர்களுக்கும் சுத்தமான, உலர்ந்த கைதான் முதல் பாடம். தாமிரத்தைச் சீவிப் பற்றவைத்து, இரண்டு பக்கத்துக் காப்பையும் சூடுகாட்டி இழுத்து மூடி, அடுக்கடுக்காகச் சுற்றி, குளிரவிட்டு, தண்ணீரில் போட்டுச் சோதித்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ரோபோவுக்கும் அதே பாடம்

இப்போது எங்கள் ஓட்டைக்கு வருவோம். அடுத்து இந்த புராஜெக்டை எடுக்கப் போகும் ஜூனியர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்று, ஓ-ரிங். அது சரியான காடியில் உட்கார்ந்தால் வெளி அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகி அடைக்கும். ஆனால் காடியில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், தண்ணீருக்கு அதுவே வாசல். துடை, சிலிக்கான் கிரீஸ் தடவு, வெளிச்சத்தில் பார், பிறகு மூடு.

இரண்டு, வெளி உறை நன்றாக இருந்தாலும் கேபிளுக்குள் தண்ணீர் வரும். இழைகளாக முறுக்கிய கம்பியின் இடுக்குகளில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் சிறிது தூரம் உறையை உரித்து, இழைகளில் ஈயத்தை முழுவதும் ஊறவிட்டு, அதன் மேல் எபாக்சி ஊற்றினால் அந்த வழி அடைபடும். பாலிதீன் உறையில் எபாக்சி சரியாக ஒட்டாது. பாலியூரித்தேன் உறையில் நன்றாக ஒட்டும். கேபிள் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மூன்று, தண்ணீரில் இறக்குவதற்கு முன் சோதனை. கை பம்பால் பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு அளவுமானியைக் கால்மணி நேரம் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஓட்டை. போர்டுகளைக் கழற்றிவிட்டு, கேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து, மெக்கரால் காப்பைச் சோதியுங்கள். தாம்சன் கப்பலில் செய்ததன் சிறிய வடிவம்தான் இது.

நான்கு, டேட்டா. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைதான் என்று படித்தோமே, தாமிரத்தில் நீளம் கூடக்கூட சிக்னல் தேய்ந்து உருக்குலையும் அதே குணம்தான் அங்கேயும். அதற்கு மேல் கண்ணாடி இழைதான். ஆழ்கடல் ரோபோக்களின் கேபிளில் மின்சாரத்துக்குத் தாமிரமும் டேட்டாவுக்குக் கண்ணாடி இழையும் சேர்ந்தே போகின்றன. தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் கனெக்டர்களில் முனைகளை எண்ணெய்க்குள் வைத்து, உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமமாக்குகிறார்கள். அழுத்தத்தோடு மல்லுக்கட்டாமல் அதோடு ஒத்துப் போகிற உபாயம் அது.

நிறைவாக

சர் வில்லியம் பிறகு மை பீய்ச்சிச் செய்தியைக் காகித நாடாவில் எழுதும் கருவி, கப்பல்களுக்குத் திசைகாட்டி, பியானோ கம்பியால் கடல் ஆழம் அளக்கும் கருவி என்று பலவற்றைச் செய்தார். 1873-இல் பிரேசில் கேபிளோடு போன கப்பல் பழுது பார்க்க மடீரா தீவில் தங்கியது. அங்கே பழக்கமான குடும்பத்துப் பெண்ணையே, முதல் மனைவி இறந்து நான்காண்டுக்குப் பின், 1874-இல் மணந்தார். 1892-இல் பிரபு பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைச் சூடிக்கொண்டார். எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல முடியாது. பூமியின் வயதைச் சில கோடி ஆண்டுகள் என்றே கடைசிவரை கணித்தார். உண்மை சுமார் 450 கோடி. 1899-இல் ஓய்வு பெற்றதும், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பெயர் பதிவு செய்துகொண்டார், 75 வயதில்! 1907 டிசம்பர் 17-இல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே! டிப்ளமோ படித்தவன் வயரிங் வேலைக்குத்தான் என்று நம் காதுபடவே சிலர் சொல்வதுண்டு. நான் அதைக் கேட்டு இனி வருத்தப்படப் போவதில்லை. 1858-இல் கோடிக்கணக்கான பணத்தைக் கடலில் மூழ்கடித்தது வெயிலில் இளகிய ஒரு விரற்கடைக் காப்பும், அளந்து பார்க்க மறுத்த ஒரு பிடிவாதமும். 1866-இல் கரை சேர்த்தது சுத்தமான கையும் ஓயாத சோதனையும். பள்ளிக்கரணையில் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா-6000 என்ற வாகனம் உருவாகி வருகிறது. அதன் டைட்டானியக் கோளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பிக்கும் யாரோ ஒருவர் காடியைத் துடைத்து, இணைப்பைப் போட்டு, சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உள்ளே இருக்கும் மூன்று உயிர்கள் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இறங்கும். அந்தக் கை நம்மில் ஒருவருடையதாக இருக்கலாம். அதற்குத் தகுதியாக இன்றே லேபில் பழகுவோம்.